பொலிஸுக்குப் போன அனுபவம்: நீங்கள் சொன்னது என்ன, அவர்கள் எழுதியது என்ன?

வாவிக்கரை:

மட்டக்களப்பு, அம்பாறை ஆட்கள் எழுதுங்கள். வீட்டில் அடி வாங்கியோ, பஸ்ஸில் கை வைத்தவனைப் பற்றியோ, போனில் படம் அனுப்பி மிரட்டியவனைப் பற்றியோ பொலிஸுக்குப் போனவர்கள், அல்லது யாரையாவது கூட்டிக்கொண்டு போனவர்கள், அங்கே நடந்ததை அப்படியே சொல்லுங்கள். எந்த நிலையம், எந்த உத்தியோகத்தர் என்று போட வேண்டாம். ஏன் கேட்கிறேன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் என்னுடையது.

போன மார்கழி மழைக்குள், இரவு ஒன்பதரை இருக்கும், என் சின்னம்மாவின் மகள் கைக்குழந்தையோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். உதடு வெடித்திருந்தது. இடது காதில் தோடு இல்லை, காது மடல் கிழிந்து இரத்தம் கழுத்து மடிப்பில் காய்ந்துபோயிருந்தது. அவள் இருப்பது அவளுடைய சீதன வீடு, சித்தப்பா பதினொரு வருடம் கட்டாரில் கிடந்து கட்டி அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தானே, மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பார். ஆனால் அன்று மழையில் நின்றது வீட்டுக்காரி, உள்ளே கதவைப் பூட்டிக்கொண்டு படுத்தது வந்து குடியிருந்தவர்.

ஓட்டோ பிடித்துப் போனோம். பெண்கள் பிரிவு பூட்டியிருந்தது, காலையில்தான் மிஸ் வருவா என்றார்கள். முன் விறாந்தை மேசையில் இருந்தவர் சிங்களவர், ஓரளவு தமிழ் பேசினார், கத்தவில்லை, கேவலமாக ஒன்றும் சொல்லவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். அடையாள அட்டை தொலைத்து என்றி போட வந்த இரண்டு பேர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்க இவள் அரை மணித்தியாலம் சொன்னாள். எத்தனை வருடமாக அடிக்கிறார், பிள்ளை வயிற்றில் இருக்கும்போது என்ன செய்தார், இன்றைக்கு எதனால் தொடங்கியது, எல்லாம். அவர் பெரிய கொப்பியில் சிங்களத்தில் ஆறு வரி எழுதினார். நான் எண்ணிப் பார்த்தேன், ஆறு வரி. பிறகு பேனாவை இவள் பக்கம் திருப்பி, “சைன் பண்ணுங்க நங்கி” என்றார்.

“வாசிச்சுக் காட்டுங்கோ சேர்” என்று நான்தான் கேட்டேன். கணவன் மனைவிக்கிடையில் வாய்த்தர்க்கம், கையால் ஒரு தரம் அடித்ததாகச் சொல்கிறார், கணவரை அழைத்து எச்சரிக்கும்படி கேட்கிறார். இவ்வளவுதான். காது இல்லை, தோடு இல்லை, வீடு இல்லை. எச்சரிக்கச் சொல்லி இவள் கேட்கவும் இல்லை. பிள்ளை அழத் தொடங்கிவிட்டான், இவளுக்குக் கை நடுங்கியது, கையெழுத்தை வைத்துவிட்டாள். அப்புறம் கணவருக்குப் போன் எடுத்தார்கள், அவர் வந்தார், இவள் இருந்த அதே வாங்கில் இவளுக்குப் பக்கத்தில் அவரை இருத்தினார்கள். இவள் பிள்ளையை மற்ற மடிக்கு மாற்றியதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நெய்தல்:

அக்கா, வாசித்ததும் நெஞ்சு அடைத்துப்போனது. நான் அம்பாறைக் கரையோரம். ராத்தாவுக்காக நாங்கள் முதலில் பள்ளிவாசல் நிருவாகத்திடம் போனோம், பொறுமையாக இருக்கச் சொன்னார்கள். காதியாரிடம் போனால் அடிதடி பொலிஸ் விசயம் என்றார். பொலிஸுக்குப் போனால், நீங்கள் முஸ்லிம் ஆட்கள், உங்களுக்குத்தான் காதி கோடு இருக்கே, அங்கே போய்ப் பேசுங்கள் என்றார்கள். ஒரே கிழமையில் மூன்று வாசல். வாப்பா வயதானவர், மூன்றாவது இடத்தில் கதிரை கேட்டு இருந்துவிட்டார், எழும்பவே இல்லை.

பிறகுதான் ஒரு சட்டத்தரணி சொன்னார். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இந்த நாட்டில் எல்லாப் பெண்களுக்கும் ஒன்றுதான். காதி கோட்டில் விவாகம், விவாகரத்து, தாபரிப்பு பேசலாம், அடியை நிறுத்தும் பாதுகாப்புக் கட்டளை நீதவான் நீதிமன்றத்தில்தான் கிடைக்கும். இதை அந்த மேசையில் இருந்தவர் முதல் நாளே சொல்லியிருந்தால் ராத்தா இன்னும் இரண்டு மாதம் அந்த வீட்டில் கிடந்திருக்க மாட்டா. எனக்குக் கோபம் அதில்தான்.

முன்னாள் முதலியார்:

நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பு முதலியாராக இருந்து ஓய்வு பெற்றவன். வாவிக்கரை மகள் சொன்ன அந்த ஆறு வரி பிறகு என்ன செய்யும் என்பதைக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று வருடக்கணக்காகப் பார்த்தவன்.

குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கம், பிரிவு 109. முறைப்பாட்டுக்காரர் முறைப்பாட்டை வாயால் சொன்னால், சொல்லும் மொழியிலேயே எழுதி அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அந்த மொழியில் எழுத அதிகாரிக்கு முடியாவிட்டால், நீங்களே உங்கள் மொழியில் எழுதித் தாருங்கள் என்று கேட்க வேண்டும். அவருக்கும் எழுத இயலாது என்றால்தான், காரணத்தைப் பதிந்துவிட்டு வேறு தேசிய மொழியில் எழுதலாம், அதையும் விளங்கும் மொழியில் சொல்லிக் காட்ட வேண்டும். உங்கள் தங்கச்சிக்குத் தமிழ் எழுதத் தெரியும்தானே? ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்திருந்தால் எல்லாவற்றையும் எழுதியிருப்பாள். அந்தத் தாளைக் கொடுக்கவில்லை. அது தயவு இல்லை மகள், சட்டம்.

வழக்கு வந்தால் என்ன நடக்கும் தெரியுமா? இரண்டு, மூன்று வருடம் கழித்து எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழும்பி, “காது கிழிந்தது என்று இன்றைக்குச் சொல்கிறீர்கள், பொலிஸில் அதைச் சொல்லவில்லையே அம்மா?” என்று கேட்பார். நான் அதைத் தமிழில் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தப் பெண் என் முகத்தைப் பார்ப்பாள். “நான் சொன்னேன் ஐயா” என்பாள், அதை நான் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சொல்வேன், புத்தகத்தில் இல்லை என்று பதிவார்கள். இப்படி எத்தனை பேர்.

பொலிஸ் நிலையங்களில் தமிழில் வாக்குமூலம் கொடுக்க வசதி வேண்டும் என்பது கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் கொடுத்த அறிக்கையிலேயே பேசப்பட்டது. கிழக்கில் இதை இன்னும் கேட்டு வாங்க வேண்டியிருப்பது எனக்கு வேதனை.

கச்சான்காற்று:

என்னுடையது சின்னது. அக்கரைப்பற்று பஸ்ஸில் பின்னால் நின்றவன் சேட்டை செய்தான். துணிந்து சத்தம் போட்டேன், கண்டக்டர் அவனை இறக்கிவிட்டார், நான் வீட்டுக்குப் போகாமல் நேரே பொலிஸுக்குப் போனேன். பெரியநீலாவணையோடு அம்பாறை மாவட்டம் தொடங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நடந்தது அதற்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டார்கள். பஸ் ஓடிக்கொண்டிருந்தது, நான் எப்படிச் சொல்ல? ஒரு நிலையத்தில் அது அங்கிட்டு என்றார்கள், மற்ற நிலையத்தில் இது இங்கிட்டு இல்லை என்றார்கள். தண்டனைச் சட்டக்கோவை 345 பாலியல் தொந்தரவைப் பற்றியது என்று பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி ஏறவில்லை.

பெயர் வேண்டாம்:

நல்லதும் நடந்தது, அதையும் ஒருவர் எழுத வேண்டும். எனக்கு எழுதிய பொலிஸ் மிஸ் தமிழ்ப் பிள்ளை, தனி அறைக்குள் கூட்டிக்கொண்டு போனா, இரண்டரைப் பக்கம் தமிழில் எழுதி, ஒவ்வொரு பக்கமும் வாசித்து, “அக்கா, இதுல பிழை ஏதும் இருக்கா?” என்று கேட்டுத்தான் கையெழுத்து வாங்கினா. சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டப் படிவம் எழுதி, ஆஸ்பத்திரிக்கு ஒரு ஆளையும் கூட அனுப்பினா. அந்தப் படிவத்தில் இருந்த காயக் கணக்குத்தான் என்னைக் காப்பாற்றியது. ஆறு மாதத்தில் அவவுக்கு மாற்றம் வந்துவிட்டது. அவ போன பிறகு என் வழக்குப் பைலை யாரும் திறக்கவில்லை. ஒரு நல்ல ஆள் இருந்தால் நடக்கும், இல்லாவிட்டால் இல்லை என்று ஒரு அலுவலகம் இருக்கக் கூடாது.

வாவிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. தங்கச்சியின் மிச்சக் கதை: அடுத்த நாள் பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் போனோம். அவ ஆஸ்பத்திரியில் அடிபட்ட பெண்களுக்கு உதவும் நட்பு நிலையத்துக்கு அனுப்பி, காயத்தை எழுதுவித்து, சட்ட உதவி ஆணைக்குழுச் சட்டத்தரணி மூலம் நேராக நீதவானிடம் மனுப் போடவைத்தா. இடைக்காலக் கட்டளை அன்றே கிடைத்தது, 14 நாளுக்குள் விசாரணைக்குத் திகதி போட்டார்கள், பிறகு 12 மாதத்துக்குப் பாதுகாப்புக் கட்டளை. அவர் அந்த வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. இப்போது தங்கச்சியும் பிள்ளையும் சீதன வீட்டில் இருக்கிறார்கள், முன் கதவுக்குப் புதுப் பூட்டு.

வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி பாதிக்கப்பட்டவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரே நீதிமன்றத்தில் விண்ணப்பம் போடலாம். நாங்கள் ஓட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் காசு கட்டி அலைந்த அந்த வேலையை அன்று இரவே அவர்கள் தொடங்கியிருக்கலாம். மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவு. கடந்த சில வருடத்தில் எத்தனை தரம் பொலிஸ் தானாக அப்படிப் போட்டிருக்கிறது? எனக்கு அதுதான் தெரிய வேண்டும், அதைக் கேட்டு வாங்கக்கூடிய இடம் பாராளுமன்றம். இந்த இழையைத் தொடங்கியது அதற்குத்தான்.

ஓய்வூதியர்:

கேள்வி கேட்டால் போதாது பிள்ளை, பதில் எப்படி வருகிறது என்று தெரிந்து கேட்க வேண்டும். நான் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவன், பாராளுமன்றக் கேள்விக்குப் பதில் திரட்டிய அனுபவம் உண்டு. எம்.பி. கேட்பார், அமைச்சு தலைமையகத்தைக் கேட்கும், தலைமையகம் மாகாணத்தைக் கேட்கும், மாகாணம் நிலையங்களைக் கேட்கும், நிலையத்தில் ஒருவர் புத்தகத்தைப் புரட்டி எண்ணிச் சொல்வார். புத்தகத்தில் இருப்பதுதான் எண்ணிக்கை. பாரதூரமான குற்றத்துக்கு ஒரு புத்தகம், சிறு முறைப்பாட்டுக்கு ஒரு புத்தகம். உங்கள் தங்கச்சியின் காது சிறு முறைப்பாட்டில் வாய்த்தர்க்கமாகக் கிடக்கிறது. பஸ்ஸில் வந்த பிள்ளை எதிலுமே இல்லை. அப்படியானால் அமைச்சர் சபையில் வாசிக்கும் பதிலில் இவர்கள் இருவரும் இருக்க மாட்டார்கள். அவர் பொய் சொல்வதாகவும் ஆகாது.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 ஆய்வில், துணையோடு வாழ்ந்த பெண்களில் 20.4 வீதமானோர் தங்கள் துணையால் உடல் ரீதியாகவோ பாலியல் ரீதியாகவோ வன்முறைக்கு ஆளானவர்கள் என்று வந்தது. ஐந்துக்கு ஒருவர். அது வீடு வீடாகப் போய்க் கேட்ட கணக்கு. பொலிஸ் புத்தகக் கணக்கை அதற்குப் பக்கத்தில் வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். எத்தனை முறைப்பாடு என்று மட்டும் கேட்க வேண்டாம். எத்தனை இணக்கம் பேசி முடிக்கப்பட்டது, எத்தனை இணக்க சபைக்கு அனுப்பப்பட்டது, எத்தனை பேர் வைத்தியப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டார்கள், எத்தனை வாக்குமூலம் தமிழில், இப்படிப் பிரித்துக் கேட்டால்தான் புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டி வரும்.

கச்சான்காற்று:

பாராளுமன்றம் சொன்னால் பொலிஸ் கேட்குமா ஐயா? உண்மையாகத் தெரியாமல்தான் கேட்கிறேன்.

முன்னாள் முதலியார்:

2025 ஆகஸ்ட் 5ஆம் திகதி பொலிஸ் மா அதிபர் தேசபந்து தென்னகோனைப் பதவி நீக்கும் தீர்மானம் 177 வாக்குகளால் நிறைவேறியது, எதிராக ஒரு வாக்கும் இல்லை. அது வேறு விசயம், வேறு குற்றச்சாட்டு. ஆனால் ஆக மேலே இருக்கும் கதிரை வரைக்கும் சபையின் கை எட்டும் என்பதை நாடு பார்த்தது. விறாந்தை மேசை வரைக்கும் எட்டவைப்பது நம்முடைய எம்.பி.மாரின் வேலை. இந்தப் பாராளுமன்றத்துக்கு மட்டக்களப்பு ஐந்து பேரை அனுப்பியது, ஐவரும் ஆண்கள், அதனால் அவர்களிடம் வெட்கப்படாமல் விளக்கமாகவே சொல்ல வேண்டும்.

பாராளுமன்றத்தில் பொது மனுக்கள் பற்றிய குழு இருக்கிறது. மனு ஒரு எம்.பி. மூலம் போக வேண்டும், தமிழில் எழுதலாம், குழு அதிகாரிகளைக் கூப்பிட்டு விசாரிக்கும். அது நடக்கும் வரைக்கும் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் எழுதுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் மட்டக்களப்பிலும் இருக்கிறது, கல்முனையிலும் இருக்கிறது. அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றத்துக்குப் போவதானால் ஒரு மாதத்துக்குள் போக வேண்டும், நாள் கடத்த வேண்டாம். அவசரத்துக்குப் பெண்கள் உதவி இலக்கம் 1938.

வாவிக்கரை:

சரி. மனுவில் தங்கச்சியின் பெயரும் என் பெயரும் போகிறது, அவள் சம்மதித்துவிட்டாள். மற்றவர்களின் அனுபவத்தை இணைப்பாக, பெயர் இல்லாமல் வைப்போம். எனக்கு வேண்டியது திகதி, முறைப்பாட்டு இலக்கம், எந்த மொழியில் எழுதினார்கள், வாசித்துக் காட்டினார்களா என்ற நான்கும்தான். முறைப்பாட்டுத் துண்டு தரவில்லை என்றால் தரவில்லை என்று எழுதுங்கள், அதுவும் பதில்தான். ஞாயிறு பின்னேரம் தட்டச்சுக்குக் கொடுக்கிறேன்.

நெய்தல்:

ராத்தாவின் துண்டு இருக்கு அக்கா. பிள்ளையின் கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்திருக்கிறா, நாலாக மடித்த மடிப்பில் இலக்கத்தின் கடைசி எழுத்து அழிந்துபோச்சு, 3ஆ 8ஆ தெரியவில்லை. திகதி தெளிவாக இருக்கு. வாசித்துக் காட்டவில்லை. படம் எடுத்து இப்பவே அனுப்புறன்.