ஹைடல்பெர்க்கில் போஸ்ட்டாக்: முதல் மின்னஞ்சலை எப்படி எழுதுவது?

வணக்கம் நண்பர்களே. நெற்பயிரின் வேர்கள் வறட்சியை எப்படித் தாங்குகின்றன என்பதில் ஆய்வு செய்து, முனைவர் பட்டம் வாங்கி எட்டு மாதமாகிறது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி, செய்ய வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

பல்கலைக்கழகம் விளம்பரம் செய்யும் இடங்களுக்கு டிவி-எல் இ13 (ஜெர்மன் மாநில அரசுப் பணியாளர் ஊதிய அட்டவணையில் ஒரு நிலை) அளவில் சம்பளம் உண்டு. ஆனால் என் துறைக்கு அப்படி ஒன்று கண்ணில் படுவதே அபூர்வம். அதனால் ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளை அல்லது ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி திட்டம் தரும் ஆய்வு உதவித்தொகைக்கு முயலலாம் என்றிருக்கிறேன். ஹம்போல்டுக்குப் பட்டம் பெற்று நான்கு வருடத்துக்குள் இருக்க வேண்டும், மேரி கியூரிக்கு எட்டு வருடம். எனக்கு நேரம் இருக்கிறது. சிக்கல் வேறு: இரண்டுக்குமே அங்குள்ள ஒரு பேராசிரியர் முதலில் நம்மை ஏற்க வேண்டும்.

வேறு ஊர்களில் ஆறு ஆய்வகங்களுக்கு எழுதிப் பார்த்தேன். ஒரே ஒரு பதில்தான் வந்தது, நிதி இல்லை என்று. அப்புறம்தான் தோன்றியது, உதவித்தொகைக்கு நானே விண்ணப்பிப்பேன் என்பதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டுமோ?

ஜெர்மனியில் இப்படி இடம் பிடித்தவர்கள் யாராவது இருந்தால், நீங்கள் முதல் மின்னஞ்சலில் என்ன எழுதினீர்கள்? ஆய்வுத் திட்டத்தையும் கூடவே அனுப்பினீர்களா? என்னுடைய ஒரு பக்கத் திட்டத்தைப் படித்துக் குறை சொல்ல யாருக்காவது நேரம் இருந்தால் பெரிய உதவியாக இருக்கும்.