படகில் போய் ஏரிக்கரையில் தங்க: சுமை ஏற்றுவதில் உதவி வேண்டும்

வணக்கம். நாங்கள் நாலு பேர் இரண்டு துடுப்புப் படகில் மலை ஏரியைக் கடந்து, சாலையே இல்லாத அக்கரையில் இரண்டு இரவு கூடாரம் போடப் போகிறோம். ஒத்திகையில் கனமான பையைப் பின்னால் வைத்தோம். முன்பக்கம் தூக்கிக்கொண்டு, லேசான காற்றுக்கே படகு திரும்பிவிட்டது. பாரம் நடுவில், அடியில் இருக்க வேண்டும், சரி. ஆனால் எல்லாம் அங்கே கொள்ளவில்லை. எதை முன்னால் தள்ளலாம்? பைகளைப் படகோடு கட்டுவீர்களா?

மதியக் காற்றுக்கு முன், விடிந்ததும் கிளம்பிக் கரையோரமாகவே போவதாகத் திட்டம். எல்லோருக்கும் உயிர்காப்பு உடை உண்டு. எனக்குப் பயம் குளிர்தான்: 15 டிகிரிக்குக் கீழான தண்ணீரில் விழுந்தால் உடனே மூச்சு திணறும். எங்களில் ஒருவனுக்கு நீச்சல் தெரியாது. அவனை எங்கே உட்கார வைப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.