15,20,000 என்று எழுதிக் கொடுத்தார்கள், பில் 16,35,350: எதைக் கட்டுவது, எதை மறுப்பது?

தெப்பக்குளம் (மதுரை), அக்டோபர் 11, 2025

ஆகஸ்ட் கடைசியில் ஒரு மின்சாரக் காருக்கு 21,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். எல்லாம் சேர்த்து 15,20,000-க்குள் முடித்துத் தருவதாக விற்பனையாளர் தன் விசிட்டிங் கார்டின் பின்புறம் எழுதிக் கொடுத்தார். அதை நம்பித்தான் வங்கியில் கடன் கேட்டேன். நேற்று, வண்டி வந்துவிட்டது என்று அழைத்து ஒரு தாளை நீட்டினார்கள்:

எக்ஸ்-ஷோரூம் விலை 14,55,000 (முன்பணம் கட்டியபோது 14,20,000)
டி.சி.எஸ். (விற்பவர் நம்மிடம் பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) 14,550
இன்சூரன்ஸ் 78,400
பதிவுச் செலவு 18,000
ஹேண்ட்லிங் சார்ஜ் 11,500
அத்தியாவசியத் துணைப்பொருள்கள் 24,900
ஃபாஸ்டேக் 1,000
வீட்டுச் சார்ஜர், பொருத்தும் கூலியுடன் 32,000

செப்டம்பர் 22-இல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. குறைந்துவிட்டது. சிறிய பெட்ரோல் கார் வாங்கிய என் மைத்துனர், தனக்கு மிச்சமானதை வாய் வலிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு மட்டும் ஏன் 35,000 ஏறியது? கேட்டால் போன மாதச் சலுகை முடிந்துவிட்டது என்கிறார்கள். திங்கட்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் வண்டி வேறொருவருக்குப் போய்விடுமாம். டிசம்பர் தாண்டினால் சாலை வரியும் சேருமாம். ஆனால் கடன் வட்டிக்கு ஒன்றரை லட்சம் வரை வருமான வரி விலக்கு உண்டு என்று ஆறுதலும் சொன்னார்கள். விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளையின் பதில்

தம்பி, முதலில் அந்த 18,000-ஐப் பிடியுங்கள். தமிழ்நாட்டின் 2023 மின்வாகனக் கொள்கைப்படி, 2025 டிசம்பர் 31 வரை பேட்டரி வாகனங்களுக்குச் சாலை வரி முழு விலக்கு. புதிய பதிவுக் கட்டணத்தை மத்திய அரசு 2021 ஆகஸ்டிலேயே நீக்கிவிட்டது. கடனில் வாங்குவதால் அடமானக் குறிப்புக்கு 1,500, ஸ்மார்ட் கார்டுக்கு 200. மீதி யாருக்கு என்று கேளுங்கள். இதே விலையில் பெட்ரோல் கார் வாங்கினால் 18 சதவீத ஆயுள் வரி, அதாவது இரண்டரை லட்சத்துக்கு மேல். அந்தத் தொகையைக் கேட்டுப் பழகிய காதுக்கு 18,000 மலிவாகத் தெரியும், அதில்தான் ஏமாறுகிறோம். அரசின் வாகனப் பதிவுத் தளமான வாஹனின் ரசீதில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் கட்டுங்கள்.

டிசம்பர் கெடு உண்மைதான். ஆனால் இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது. திங்கட்கிழமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஹேண்ட்லிங் சார்ஜ் என்பது கிடங்கிலிருந்து வண்டியைக் கொண்டுவந்து துடைத்து நிறுத்தும் கூலி. எக்ஸ்-ஷோரூம் விலை என்றாலே ஷோரூம் வாசலில் வைத்துச் சொல்லும் விலை. அதற்குமேல் வாசலுக்குக் கொண்டுவந்த கூலி எதற்கு? ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

இன்சூரன்ஸில் மூன்றாண்டுகளுக்கான மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். மோட்டாரின் திறன் 65 கிலோவாட்டுக்கு மேல் என்றால் அது 20,907, வரி தனி. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் அதே தொகைதான். தள்ளுபடி விளையாட்டெல்லாம் சொந்தச் சேதப் பகுதியிலும் கூடுதல் காப்புகளிலும் நடக்கிறது. அதே காப்பீட்டு மதிப்புக்கு, அதே காப்புகளுக்கு வெளியில் விலை கேட்டுப் பாருங்கள். தங்களிடம்தான் எடுக்க வேண்டும் என்று டீலர் வற்புறுத்த முடியாது. ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்: அந்த நிறுவனத்தின் பாலிசிக்கு உங்கள் சர்வீஸ் மையத்தில் பணமில்லா பழுதுநீக்கம் உண்டா என்று. இல்லாவிட்டால் மிச்சம் பிடித்தது ஒரே இடியில் போய்விடும்.

டி.சி.எஸ். நியாயமானது. 10 லட்சத்துக்கு மேற்பட்ட வாகனத்துக்கு 1 சதவீதம். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

வட்டி விலக்கு என்று சொன்னவரை என்ன செய்வது! அது 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கு மட்டும்.

காந்திபுரத்துக்காரர்

உங்கள் மைத்துனரின் கார் 28 சதவீத ஜி.எஸ்.டி.யிலிருந்து 18-க்கு வந்தது. மின்சாரக் கார் 2019 ஆகஸ்டிலிருந்தே 5 சதவீதத்தில் இருக்கிறது. குறைப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

35,000 விஷயத்தில் உங்கள் பக்கம் வலுவில்லை என்றே நினைக்கிறேன். புக்கிங் படிவத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில், டெலிவரி நாளில் நடப்பிலுள்ள விலையே பொருந்தும் என்று இருக்கும். விசிட்டிங் கார்டில் எழுதியதை அதன்முன் வைத்து என்ன வாதாடுவது? மின்சாரக் கார்களில் இந்த ஏற்ற இறக்கம் புதிதும் இல்லை. 2024 செப்டம்பரில் டாடா நெக்ஸான் ஈவியின் விலையை 3 லட்சம் வரை இறக்கியது, அக்டோபர் 31 வரை மட்டும் என்ற கெடுவோடு. சலுகை நிறுவனம் தந்ததா, டீலர் தந்ததா என்று கேளுங்கள். டீலர் தந்தது என்றால் பேரம் பேசலாம்.

மீட்டர்பெட்டி

சார்ஜரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. விலைக்குள் அது இருக்கும் என்று நினைப்பது பழைய பழக்கம். 2024 நவம்பரில் மஹிந்திரா பிஇ 6 மின்சாரக் காரை (அன்று அதன் பெயர் பிஇ 6இ) 18.90 லட்சம் என்று அறிவித்தபோதே சார்ஜர் தனி என்றார்கள். 7.2 கிலோவாட் என்றால் 50,000, 11.2 என்றால் 75,000.

நீங்கள் ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீர்கள்? நாற்பது, ஐம்பது என்றால் 15 ஆம்பியர் பிளக்கில் செருகும் கையடக்கச் சார்ஜரே போதும். இரவு முழுக்கக் கிடக்கட்டும். வண்டியோடு அது வருகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். 7.2 கிலோவாட் வேண்டுமென்றால், வீட்டு இணைப்பின் அனுமதிச் சுமை தாங்குமா என்று மின்வாரிய அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள். எதுவானாலும் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். நான் பார்த்த வீடுகளில் பாதியில் எர்த் கம்பி சும்மா அலங்காரத்துக்குத்தான் தொங்கும்.

தெப்பக்குளம், அக்டோபர் 19, 2025

அனைவருக்கும் நன்றி. வாஹன் ரசீது வேண்டும் என்றதும் மேலாளர் தனி அறைக்கு அழைத்து டீ கொடுத்தார். 18,000 என்பது 1,700 ஆனது. ஹேண்ட்லிங் சார்ஜை அடித்துவிட்டார்கள். துணைப்பொருள்களில் மிதியடி மட்டும், 3,800. ஃபாஸ்டேக் 600. இன்சூரன்ஸ் வெளியில் 52,300. சர்வீஸ் மையத்தில் கேட்டுவிட்டேன், அந்த நிறுவனம் அவர்கள் பட்டியலில் இருக்கிறது. கையடக்கச் சார்ஜர் வண்டியோடு வருகிறது. சுவர்ச் சார்ஜர் வேண்டாம் என்றேன். 35,000 மட்டும் அசையவில்லை. நிறுவனச் சலுகை என்று சுற்றறிக்கையையே காட்டிவிட்டார்கள். மொத்தம் 15,27,950. கார்டில் எழுதியதைவிட 7,950 கூடுதல்.

எங்கள் தெருவையே குத்தகைக்கு எடுத்தது போல எர்த் குழி தோண்டிக்கொண்டிருக்கிறார் எலக்ட்ரீஷியன். அவர் கணக்கு இனிமேல்தான்.

கணக்குப்பிள்ளை

அதில் 14,550 உங்கள் பணம், மறக்காதீர்கள். பான் எண்ணைச் சரியாகக் கொடுத்தீர்களா என்று பில்லில் பாருங்கள். இந்தக் காலாண்டின் கணக்கை அவர்கள் ஜனவரி 15-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதன்பிறகு உங்கள் பேரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் ஏறவில்லை என்றால் மறுபடி அந்த மேலாளரிடம் டீ குடிக்கப் போங்கள்.