சார்டினியா நெப்டியூன் குகை: அம்மாவுக்கு முட்டி வலி, படகா படிக்கட்டா? யாராச்சும் சொல்லுங்க

ரைன்கரை_மதுரை

வணக்கம் மக்களே. நான் ஜெர்மனில இருக்கேன், மதுரைலேர்ந்து அம்மாவும் அப்பாவும் வந்திருக்காங்க, அக்டோபர் முதல் வாரம் சார்டினியா தீவுல அல்கேரோ ஊர்ல மூணு நைட்டு தங்கறதா ஃப்ளைட்டு ரூமு எல்லாம் போட்டாச்சு. இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததே பக்கத்துல இருக்கற நெப்டியூன் குகைக்காகத்தான், இத்தாலிக்காரங்க க்ரோத்தா தி நெத்தூனோங்கறாங்க. ஆனா படிக்கப் படிக்க கொழப்பம்தான் ஜாஸ்தியாகுது. ஒரு எடத்துல 654 படி எறங்கணும்னு போட்டிருக்கு, இன்னொரு எடத்துல படகுல நேரா வாசல்லயே போய் எறங்கலாம்னு இருக்கு. அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் வலி, சமதரைன்னா நல்லா நடப்பாங்க, படிதான் ஆகாது. அப்பா பழனி மலையே ஏறுறவன்டான்னு சவால் விட்டுட்டு இருக்கார், அவர் பிரச்சனை இல்ல.

இப்ப இருக்கற பிளான்: போய் எறங்கற நாள் ரெஸ்ட்டு, அடுத்த நாள் பீச்சு, அதுக்கு அடுத்த நாள் போசா ஊரு, கடைசி நாள் காலைல குகை, அன்னிக்கே சாயங்காலம் ஏழு மணிக்கு ஃப்ளைட்டு. சரியா வருமா? அப்புறம் ஒரு படம் பாத்தேன், உள்ள தண்ணி அப்படியே நீல கலர்ல லைட்டு போட்ட மாதிரி ஜொலிக்குது, ஆளுங்க சின்ன படகுல படுத்துக்கிட்டே உள்ள போறாங்க, அந்த வெளிச்சம் எத்தன மணிக்கு வரும்? டிக்கெட்டு முன்னாடியே எடுக்கணுமா? தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.

ஊர்சுத்தி

ப்ரோ, நீங்க பாத்த படம் சார்டினியாவே இல்ல. அது காப்ரி தீவு, நேப்பிள்ஸ் பக்கம், நீலக் குகைன்னு சொல்வாங்க. அங்க வாசல் ஒரு மீட்டர் உயரம்தான் இருக்கும், அதான் படகுல மல்லாக்கப் படுத்துக்கிட்டு உள்ள போறது, படகோட்டி பாறையில கட்டியிருக்கற சங்கிலியப் புடிச்சு இழுத்துட்டு உள்ள விடுவார். தண்ணிக்கு அடியில பெரிய ஓட்டை ஒண்ணு இருக்கு, வெயில் அது வழியா உள்ள வரும்போது செவப்பையெல்லாம் தண்ணி குடிச்சிரும், நீலம் மட்டும் மிஞ்சி கீழேர்ந்து மேல அடிக்கும். ரெண்டையும் கலந்து போட்டு படம் விக்கறவங்க நெறைய பேர் இருக்காங்க, டூர் விளம்பரத்துல கூட பாத்திருக்கேன்.

நெப்டியூன் குகை வேற ஜாதி. வாசல் பெருசு, நடந்தே உள்ள போவீங்க, மேலேர்ந்து தொங்கற சுண்ணாம்புத் தூண், கீழேர்ந்து வளர்ந்த தூண், நடுவுல கண்ணாடி மாதிரி அசையாம கெடக்கற உப்புத் தண்ணி ஏரி. ஏரிக்கு லா மார்மோரான்னு பேரு, 1800கள்ல தீவு முழுக்க சுத்தி மேப்பு போட்ட ராணுவ அதிகாரி ஒருத்தர் பேரு அது. உள்ள எல்லாம் கரண்டு வெளிச்சம்தான், அதனால எந்த மணிக்குப் போனாலும் ஒண்ணுதான். நீல வெளிச்சம் எதிர்பாத்துப் போனா அம்மா உங்களத்தான் திட்டுவாங்க.

படியேறி_பாண்டி

நான் சொல்றேன், படிக்கட்டுலதான் போகணும், படகுல போனா பாதி குகைய விட்டமாதிரி. 1954ல கட்டின படி, எஸ்காலா தெல் கபிரோல்னு பேரு, காபோ காச்சாங்கற செங்குத்துப் பாறையோட ஓரத்துலயே வளைஞ்சு வளைஞ்சு எறங்கும், ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் இடுப்பு உயர சுவரு, சுவருக்கு அந்தப் பக்கம் நேரா கடலு. எதிர்ல ஒரு குட்டித் தீவு நிக்கும். எங்க மாமனார் அறுபது தாண்டினவர், எறங்கி ஏறிட்டார். காலைலயே போயிடுங்க, அது மேற்கு பாத்த பாறை, காலைல நெழல் இருக்கும், மத்தியானத்துக்கு மேல வெயில் நேரா மூஞ்சிலதான்.

முட்டி_தேய்ஞ்சவன்

பாண்டி அண்ணே, உங்க மாமனாருக்கு முட்டி நல்லா இருந்துச்சு, ஏறினாரு. இவங்க அம்மாவுக்கு முட்டி வலின்னு முதல் பாராலயே எழுதியிருக்கார். முட்டி தேய்ஞ்சவங்களுக்கு ஏறறத விட எறங்கறதுதான் கொடுமை, ஒவ்வொரு படிக்கும் மொத்த வெயிட்டும் முட்டிலதான் விழும், நூறு படி எறங்கினதுக்கு அப்புறம் கால் நடுங்க ஆரம்பிச்சிரும், அந்த எடத்துல நின்னா மேலயும் போக முடியாது கீழயும் போக முடியாது. லிஃப்ட்டும் கெடையாது. அம்மாவுக்கு படகு மட்டும்தான், வேற பேச்சே வேணாம்.

ஆனா படகுல போனாலும் படி சுத்தமா இல்லேன்னு நெனச்சுக்காதீங்க. உள்ள போற பாதையிலயும் ஏத்த எறக்கம் இருக்கு, ஈரமா வழுக்கும், கைப்பிடி இருக்கு, கூட்டத்தோட சேந்து மெதுவாத்தான் போவாங்க. அதோட படகுலேர்ந்து எறங்கற நிமிஷம் இருக்கே, அதுதான் முக்கியம். படகு மேலயும் கீழயும் ஆடிட்டே இருக்கும், படகுக்காரர் கையப் புடிச்சு "இப்ப"ங்கற மாதிரி ஒரு இழு இழுப்பார், அந்த நேரம் யோசிச்சுட்டு நிக்கக் கூடாது, காலத் தூக்கி வெச்சிரணும். புடவை வேணாம், சுடிதார், பின்னாடி பட்டி வெச்ச செருப்பு இல்லேன்னா ஷூ. அம்மாகிட்ட இத முன்னாடியே சொல்லி வையுங்க.

ரைன்கரை_மதுரை

காப்ரி விஷயம் சொன்னதுக்கு தேங்க்ஸ் ஊர்சுத்தி, வீட்டுல எல்லார்கிட்டயும் அந்தப் படத்தக் காட்டி வெச்சிருக்கேன், இப்ப மாத்திச் சொல்லணும் 😀 அப்ப அம்மாவுக்கு படகுன்னு முடிவாயிடுச்சு. அல்கேரோ கடல அங்க இருக்கற கேமரால டெய்லி பாக்கறேன், குளம் மாதிரி அமைதியாத்தான் இருக்கு, அப்ப படகு ஓடும்தானே? கடைசி நாள்ங்கறது ஓகேவா?

காரைநகர்ப்_பெடியன்

தம்பி, குகையைக் கடைசி நாளில வைக்காதேங்கோ. நான் ஜெனோவாவில இருக்கிறன், அங்கயிருந்து போர்த்தோ தோர்ரெஸுக்கு இரவுக் கப்பல் எடுத்து நாங்கள் சார்டினியா போறனாங்கள், அந்தக் கரை எனக்கு நல்லாத் தெரியும்.

நீங்கள் கேமராவில பாக்கிறது அல்கேரோ துறைமுகம். அது குடாவுக்குள்ள இருக்கு, காபோ காச்சா மலை அதை மறைச்சு நிக்குது. குகை இருக்கிறது மலைக்கு அங்கால, மேற்குப் பக்கம், திறந்த கடல். வடமேற்கில இருந்து அடிக்கிற காத்தை மாயெஸ்த்ராலே எண்டு சொல்லுவினம், அது வந்தால் துறைமுகத்தில தண்ணி அசையாது, மலையைச் சுத்தி அங்கால போனால் அலை குகை வாசலுக்குள்ளயே ஏறி அடிக்கும். அப்ப படகும் இல்லை, குகையும் பூட்டு. படியால இறங்கிப் போனாலும் உள்ள விடமாட்டினம், ஏனெண்டால் வாசல் கடல் மட்டத்துக்குக் கிட்டத்தான் இருக்கு. படகு இல்லாட்டி படியால போவம் எண்டு கனபேர் நினைக்கினம், அது சரிவராது.

ஆனபடியால் காத்து வரைபடம் காட்டுற ஆப் ஒண்டை எடுத்து, அல்கேரோவைப் பாக்காமல் காபோ காச்சாவுக்கு மேற்கால இருக்கிற கடலைப் பாருங்கோ, காத்து எந்தத் திசை, அலை எவ்வளவு உயரம் எண்டு. முதலாவது காலமையே காத்து இல்லையெண்டால் அண்டைக்கே போயிடுங்கோ. கடற்கரை, போசா எல்லாம் பிறகு போகலாம், அதுகள் ஓடாது. மாயெஸ்த்ராலே துவங்கினால் ரெண்டு மூண்டு நாள் விடாமல் அடிக்கிறதும் உண்டு.

இன்னொண்டு. அல்கேரோவில இருந்து படகு எண்டால் போக வர, குகை பாக்க எல்லாம் சேத்து ரெண்டரை மணித்தியாலம் மட்டில வரும். அம்மாவுக்கு கடலில தலை சுத்தும் எண்டால் போர்த்தோ கோந்தேக்குள்ள காலா திராகுனாரா எண்டு ஒரு சின்ன துறை இருக்கு, காரில அங்க போனால் அங்கயிருந்தும் படகு விடுறவை, கடல் ஓட்டம் கொஞ்ச நேரம்தான். சீசன் முடியிற நேரம் எண்டபடியால் ஓடுதோ எண்டு முதல் நாளே கேட்டு வையுங்கோ.

ஊர்சுத்தி

அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு. நானே துறைமுகத்துல ஐஸ்க்ரீம் சாப்ட்டுட்டு "இந்த கடலுக்கா படகு விடல"ன்னு கேட்டவன்தான், கவுன்ட்டர்ல இருந்த அம்மா ஒண்ணும் பேசாம கையால மலைக்கு அந்தப் பக்கம் காட்டினாங்க.

டிக்கெட் விஷயம்: படகு டிக்கெட் வேற, குகை டிக்கெட் வேற. படகுக்கு குடுத்த காசுல குகையும் சேத்தின்னு நெனச்சுட்டுப் போய் வாசல்ல மறுபடி பர்ஸ எடுக்கறவங்கள நெறைய பாக்கலாம். நான் போனப்ப குகைக்கு பெரியவங்களுக்கு 14 யூரோ. உள்ள தனியா சுத்த விட மாட்டாங்க, கைடு கூட்டமா கூட்டிட்டுப் போவாரு, மணிக்கு ஒரு தடவை கெளம்பும். குகை மொத்தம் கிலோமீட்டர் கணக்குல நீளம், நமக்கு காட்டறது முன்னாடி இருக்கற சில நூறு மீட்டர்தான், ஆனா அதுவே போதும். கூட்டத்துல கடைசியா நில்லுங்க, முன்னாடி இருக்கறவங்க நகந்ததும் ஏரிப் பக்கம் ஒரு நிமிஷம் தனியா கெடைக்கும், தூணோட நெழல் தண்ணில தலகீழா அப்படியே இருக்கும், எது கல்லு எது தண்ணின்னு கண்ணு தடுமாறும்.

ஒரு விஷயம் எனக்கு ரொம்ப பிடிச்சது, அந்தத் தூணெல்லாம் தண்ணிக்குள்ள வளராது, காத்துலதான் சொட்டு சொட்டா சுண்ணாம்பு படிஞ்சு வளரும். ஆனா ஏரிக்குள்ள மூழ்கி நிக்கற தூணும் இருக்கு. அப்படின்னா அது வளந்த காலத்துல கடல் மட்டம் இன்னும் கீழ இருந்திருக்கணும், பனியுகத்துல. அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்கும்னா சொல்லுங்க.

வெஜ்_பயணி

பஸ்ஸுல போறவங்களுக்காக சொல்றேன், அல்கேரோலேர்ந்து பஸ் போறது மலை உச்சிக்கு, அதாவது படிக்கட்டோட தலைப்புக்கு, படகுத் துறைக்கு இல்ல. சீசன் இல்லாத நேரத்துல காலைல ஒண்ணு போகும், திரும்பி மதியம்தான். உங்க கேஸுக்கு அது ஒதவாது. வாடகைக் கார் எடுக்கறீங்கன்னா பழைய ஊருக்குள்ள மட்டும் ஓட்டிட்டுப் போயிடாதீங்க, உள்ளூர்க்காரங்க வண்டிக்கு மட்டும் பர்மிஷன் இருக்கற ஏரியா, கேமரா இருக்கு, ஃபைன் ஜெர்மனி வீட்டுக்கே வரும்.

சாப்பாட்டுக்கு கவலப்படாதீங்க, பேரன்ட்ஸ் சைவம்னா கூட சமாளிக்கலாம். பானே கராசாவுன்னு ஒரு ரொட்டி, நம்ம அப்பளம் மாதிரி மெல்லிசா மொறுமொறுன்னு இருக்கும். குலுர்ஜோனெஸ்னு உருளைக்கெழங்கு, சீஸு, புதினா வெச்சு மடிச்ச ஒரு ஐட்டம், கேட்டு வாங்கிக் குடுங்க. தேன் ஊத்தின செயாதாஸ் கண்டிப்பா. சாஸுல கறி இல்லையான்னு மட்டும் கேட்டுக்குங்க.

ரைன்கரை_மதுரை

சூப்பர் மக்களே. பிளான மாத்திட்டேன்: போய் எறங்கின மறுநாள் காலைலயே குகை, அது ஆகலேன்னா அடுத்த நாள், அதுவும் ஆகலேன்னா கடைசி நாள் காலைல ஒரு ட்ரை. அம்மா, அப்பா, நான் மூணு பேரும் படகு. அப்பாவுக்கு படிதான் வேணுமாம், அத அங்க போய் பாத்துக்கறேன். மூணு நாளும் காத்து அடிச்சா என்ன பண்றது? அவங்க வந்ததே வீணான மாதிரி ஆயிடும்.

காரைநகர்ப்_பெடியன்

காத்து அடிச்சாலும் காரை எடுத்துக்கொண்டு காபோ காச்சா உச்சிக்குப் போங்கோ, அங்க பாக்கிற இடத்துக்குக் கிட்டவே கார் நிப்பாட்டலாம், அம்மா நடக்கத் தேவையில்லை. மாயெஸ்த்ராலே நாளில அலை பாறையில அடிக்கிறதை மேலயிருந்து பாக்கிறது தனி வடிவு, தொப்பியை மட்டும் பிடிச்சுக்கொள்ளுங்கோ. போற வழியில பால்மாவேரா எண்டு நுராகே ஒண்டு இருக்கு, மூவாயிரம் வருசத்துக்கு மேல பழைய கல் கோபுரமும் சுத்தி வட்ட வட்டமா வீடுகளின்ர அடித்தளமும், ரோட்டுக்குப் பக்கத்திலயே. பின்னேரம் அல்கேரோ மதிலில நடவுங்கோ, அது சமதரை. 1354ல கத்தலான் ஆக்கள் வந்து பிடிச்ச ஊர், இப்பவும் தெருப் பேர் ரெண்டு பாசையிலயும் இருக்கும்.

கிழக்குக் கரையில காலா கொனோனே பக்கம் புவே மரீனோ எண்டு இன்னொரு கடல் குகை இருக்கு, மேற்குக் காத்துக்கு அந்தப் பக்கம் மறைவு. ஆனா அல்கேரோவில இருந்து தீவைக் குறுக்கறுத்துப் போகவேணும், வயசான ஆக்களோட ஒரே நாளில போய் வாறது நான் சொல்லமாட்டன்.

ரைன்கரை_மதுரை

அப்டேட். போயிட்டு வந்தாச்சு. முதல் காலைல துறைமுகம் குளம் மாதிரி, ஆனா படகு இல்லேன்னு போர்டு, அண்ணன் சொன்னதுதான். உச்சிக்கு கார்ல போனோம், காத்துல அப்பா கண்ணாடி பறந்துருச்சு, நல்லவேளை சுவர் ஓரமா மாட்டிக்கிச்சு. மறுநாள் மத்தியானத்துக்குள்ள காத்து அடங்கிருச்சு, கடைசி நாள் காலைல முதல் படகுல போனோம். எறங்கற எடத்துல அம்மா ஒரு செகண்ட் தயங்கினாங்க, படகுக்காரர் ரெண்டு கையாலயும் புடிச்சு எறக்கி விட்டுட்டார். உள்ள பாதி தூரம் வந்தாங்க, அப்புறம் ஏத்தம் வர எடத்துல கைடுகிட்ட சொல்லி ஓரமா நின்னுட்டாங்க, ஏரி அங்கேர்ந்தே தெரிஞ்சுது, "இதுக்கு மேல எனக்கு என்ன வேணும், நீங்க போய்ட்டு வாங்க"ன்னுட்டாங்க. அப்பா குகைய முடிச்சதும் படில ஏறி மேல வரேன்னார், நீ போய் கார எடுத்துட்டு வான்னு எங்கள படகுல அனுப்பி வெச்சார். நாங்க துறைமுகம் போய் கார எடுத்துட்டு மலைக்குப் போய் சேந்தப்ப மேல இருக்கற கடைல காபி குடிச்சிட்டு உக்காந்திருந்தார், சட்டை மட்டும் பிழிஞ்சா ஒரு வாளி தண்ணி வரும். ஏழு மணி ஃப்ளைட்டுக்கு டைம் சரியா இருந்துச்சு, ஆனா மதிய சாப்பாடு கார்லதான்.

குட்டிப்பாப்பா_அப்பா

நல்ல இழை. ஒரு சின்ன டவுட்டு, ரெண்டு வயசு கொழந்த, தள்ளுவண்டி கொண்டு போலாமா?

முட்டி_தேய்ஞ்சவன்

தள்ளுவண்டி வேணாம், உள்ள படி இருக்கு, பாதையும் குறுகல். முன்னாடி கட்டிக்கற பை இருந்தா அதுல போட்டுக்குங்க, படகுலேர்ந்து எறங்கும்போது கொழந்தைய முதல்ல படகுக்காரர் கைல குடுத்துட்டு அப்புறம் நீங்க எறங்குங்க. உள்ள ஈரக் காத்து, மெல்லிசா ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்குங்க.