மூப்புப்படியும் முறைச்சோறும்: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

அண்ணாச்சி அவர்களுக்கும் குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

ஐரோப்பியக் குடியானவர் குடும்ப வரலாற்றைத் தமிழில் எழுதும்போது எழும் ஒரு சொல்முட்டுப்பாட்டை அண்ணாச்சி முன்வைத்திருந்தார்கள். நிலத்தையும் வீட்டையும் வாரிசுக்கு எழுதிக்கொடுத்த முதியவர், தம் ஆயுள் முடியும்வரை தமக்கென நிறுத்திவைத்துக்கொண்ட அறை, தானியம், பால், விறகு ஆகியவற்றின் தொகுதியை எந்தச் சொல்லால் குறிப்பது என்பதே அவர்கள் கேள்வி. இதுவரை வந்த மறுமொழிகளில் 'ஓய்வுக்கால ஒப்பந்தம்', 'ஜீவனாம்சம்', 'மூப்புரிமை', 'மூப்புப் பங்கு' என்னும் நான்கு சொற்கள் பேசப்பட்டன. நான் 'மூப்புப்படி' என்பதை முன்மொழிகிறேன். அதனுடன் 'முறைச்சோறு' என்பதற்கும் நம் கலைச்சொல் தொகுப்பில் தனிப் பதிவு வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். இந்த இரண்டாவது வேண்டுகோளையே நான் பெரிதாகக் கருதுகிறேன். பத்திரம் எழுதி நிறுத்திவைத்துக்கொண்ட சோறும், பிள்ளைகள் முறை போட்டு ஊற்றிய கஞ்சியும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டால், முதியவர் எந்த நிலையிலிருந்து உண்டார் என்பது வாசகருக்குத் தெரியாமலே போய்விடும்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியின் பல பகுதிகளிலும் பண்ணையைப் பல துண்டுகளாக்காமல் ஒரே வாரிசிடம் ஒப்படைக்கும் வழக்கம் இருந்தது. பண்ணை கைக்கு வராமல் அந்த வாரிசு மணம் முடிப்பது அரிது என்பதால், மகனின் திருமணமும் தந்தை தலைமையிலிருந்து இறங்குவதும் பெரும்பாலும் ஒட்டியே நிகழ்ந்தன. அப்போது எழுதப்பட்ட உடன்படிக்கைகளில், ஆண்டுக்கு இத்தனை அளவு கோதுமை அல்லது ரை என்னும் தானியம், நாளுக்கு இவ்வளவு பால், குளிர்காலத்துக்கு விறகு, குறிப்பிட்ட சில மரங்களின் கனி, அடுப்பங்கரையில் குளிர்காய ஓரிடம் என ஒவ்வொன்றும் தனித்தனியே குறிக்கப்பட்டன. ஜெர்மன் மொழியில் இதற்கு ஆல்டென்டைல் என்று பெயர். மூத்தோர் பாகம் என்பது அதன் பொருள். ஆஸ்திரியாவில் வழங்கிய ஆவுஸ்கெடிங்கெ என்ற சொல், பேசி நிறுத்திக்கொண்டதைக் குறிக்கும். சுவீடியர்கள் 'விலக்கி வைத்தது' என்னும் பொருளில் உண்டான்டாக் என்றார்கள். பண்ணை பிற்பாடு உறவில்லாத ஒருவருக்கு விலைப்பட்டாலும் இந்தக் கடப்பாடு பண்ணையோடு சேர்ந்தே போயிற்று. வாங்கியவரும் அந்த முதியவருக்குக் கோதுமை அளக்கக் கடமைப்பட்டார். ஆகவே மகன், மருமகள் என்னும் உறவுப் பெயர்கள் நம் சொல்லுக்குள் வரக் கூடாது.

இங்கிலாந்தின் வழி வேறு. பிள்ளைகள் இளமையிலேயே வேலைக்கு வெளியேறி, மணமானதும் தனிக்குடித்தனம் அமைத்தார்கள். முதியவர்களில் பலர் தம் சொந்தக் குடிசையிலேயே இருந்தனர். வலுவிழந்தவர்களுக்கு 1601ஆம் ஆண்டின் ஏழையர் சட்டப்படி ஊர்த்திருச்சபை வட்டாரம் உதவியது. அதற்குத் தனிச்சொல் தேவையில்லை என நினைக்கிறேன்.

இனி நம் சீமைக்கு வருகிறேன். 1986இல் பிரிந்த தூத்துக்குடியையும் 2019இல் பிரிந்த தென்காசியையும் சேர்த்தே திருநெல்வேலிச் சீமை என்கிறேன். மிதாட்சரம் என்னும் பழைய இந்துச் சட்ட முறையில், பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறப்பாலேயே பாத்தியம் இருந்தது. தந்தை உயிரோடிருக்கும்போதே பாகம் பிரிந்தால், ஒவ்வொரு மகனுக்கும் கிடைத்த அளவே தந்தைக்கும் ஒரு பங்கு கிடைத்துவந்தது. ஆஸ்திரியத் தந்தை முழுவதையும் கொடுத்துவிட்டு அதிலிருந்து வாழ்நாள் தேவைகளை நிறுத்திக்கொண்டார். நம் தந்தை தம் பங்கை முழு உரிமையோடு கையில் வைத்துக்கொண்டார். இவை இரண்டும் ஒன்றல்ல. 'மூப்புப் பங்கு' என்னும் சொல்லை நான் ஏற்கத் தயங்குவதும் இதனால்தான். நம் ஊர்களில் பங்கு என்றால், விற்கவும் அடகு வைக்கவும் பின்னோருக்கு விட்டுச்செல்லவும் உரியது. ஆல்டென்டைல் முதியவரின் மூச்சோடு முடிந்துவிடுவது.

ஆனால் ஆஸ்திரிய ஏற்பாட்டுக்கு மிக நெருங்கிய ஒன்று நம் பத்திரங்களிலும் உண்டு. தாமே சம்பாதித்த சொத்தைப் பிள்ளைக்கு செட்டில்மெண்ட் எழுதிவைக்கும் பெரியவர், வீட்டின் தார்சாவையும் ஓர் அறையையும் 'ஆயுள் பரியந்தம்' தாமும் தம் மனைவியும் அனுபவித்துவர வேண்டியது என்றும், தம் காலத்துக்குப் பின் அதுவும் பிள்ளையின் 'சர்வ சுதந்திர பாத்தியம்' ஆகும் என்றும் எழுதுவது பத்திர எழுத்தர்களுக்குப் பழக்கமான நடை. கிணற்றில் நீர் எடுக்கும் பாத்தியம், புறவாசல் வழியாக நடமாடும் பாத்தியம் ஆகியவையும் அதில் இடம்பெறும். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என இரு போகம் உண்டாகையால், நெல் அளக்க ஒப்புக்கொள்ளும் இடத்தில் அறுவடையே தவணை. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டில் நிலப் பங்கு வேறு, பனைப் பங்கு வேறு என்று பிரிப்பார்கள். குறிப்பிட்ட கனிமரங்களைத் தமக்கென நிறுத்திவைத்த ஆஸ்திரியக் கிழவரின் செயல் நம் பனங்காட்டு மக்களுக்கு விளக்கம் இல்லாமலே விளங்கும்.

அந்த ஏற்பாட்டைக் குறிக்கத்தான் 'மூப்புப்படி' என்கிறேன். படி என்பது அளவைப் பெயர். பஞ்சப்படி, பயணப்படி என்பவற்றில் ஒருவருக்கு வரையறுத்து வழங்குவதன் பெயராகவும் நிலைத்துவிட்டது. வரையறை என்னும் கருத்து இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. கோட்டை என்னும் முகத்தல் அளவில் நெல் அளப்பதானாலும் குடிக்கிற பாலை உழக்கால் அளப்பதானாலும், அளவு எழுதப்பட்டுள்ளது என்பதே முதியவருக்குப் பாதுகாப்பு. அறையும் நிலமும் படிக்குள் எப்படி அடங்கும் என்று நம் குழுவிலுள்ள தென்காசித் தமக்கையார் கேட்கக்கூடும். நிலத்துக்கு 'மூப்புக்காணி' என்றும், இருப்பிடத்துக்கு 'மூப்பறை' என்றும் கிளைச்சொற்கள் அமைக்கலாம். தச்சக்காணி போன்ற கல்வெட்டு வழக்குகள், ஒரு தேவைக்கென ஒதுக்கிய நிலத்தைக் காணி என்று சொல்ல நமக்கு முன்மாதிரி தருகின்றன. ஒருவர் தனி உரையாடலில் 'மூப்புக்குச்சு' என்றார். தென்பாண்டி ஊர்களில் குச்சு என்பது பூப்பெய்திய பெண்ணை இருத்தும் ஓலைக்கொட்டகையையும் நினைவூட்டும் சொல்லாகையால் அதைத் தவிர்க்கலாம்.

மற்ற சொற்களைச் சுருக்கமாகப் பார்க்கிறேன். 'ஓய்வுக்கால ஒப்பந்தம்' அரசு ஊழியரின் ஓய்வூதியத்தை நினைவூட்டுகிறது. பண்ணையை ஒப்படைத்த கிழவர் மறுநாளும் மாட்டுத் தொழுவத்தில் வேலை செய்தார். அவர் இறங்கியது தலைமையிலிருந்து மட்டுமே. 'மூப்புரிமை' அலுவலகங்களில் பணி முதிர்வின் வரிசையைக் குறிக்கும் சொல்லுடன் குழம்பும். மூப்பு என்பதற்கே தலைமை என்ற பொருளும் உண்டு, ஊர் மூப்பன் என்கிறோமே என்ற தடை நியாயமானது. ஆனால் நரை, திரை, மூப்பு என்று அடுக்கும்போது எவரும் தலைமையை நினைப்பதில்லை.

'ஜீவனாம்சம்' பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சொல்லமைப்பில் அது பொருத்தமானதே. வாழ்வுக்கான பாகம் என்றுதான் அதற்குப் பொருள். ஆனால் இந்த மண்ணில் அது யாருடைய சொல்லாக இருந்தது? பாகப்பிரிவினையில் தாய்க்கும் மனைவிக்கும் பங்கு தரும் வழக்கம் சென்னை மாகாணத்தில் வழக்கொழிந்துபோனது. கணவன் இறந்த பெண்ணுக்குக் கூட்டுச் சொத்தில் எஞ்சியது உணவு, உடை, உறைவிடத்துக்கான ஜீவனாம்சம் மட்டுமே. 1937ஆம் ஆண்டின் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் அவளுக்கு வரம்புக்குட்பட்ட உரிமையைத் தந்தது. 1956ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டமே அதை முழு உரிமையாக்கியது. எழுதிக்கொடுக்கத் தன் பெயரில் ஏதும் இல்லாதவள் எதை நிறுத்திவைத்துப் பேச முடியும்? ஆகவே ஜீவனாம்சம், சொத்தில்லாதவர் கேட்டுப் பெறும் ஆதரவு. மூப்புப்படி, சொத்துள்ளவர் அதைக் கொடுக்கும்போதே கட்டிவைக்கும் நிபந்தனை. இந்த வேறுபாட்டைத் தொகுப்பின் விளக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

முறைச்சோற்றுக்கும் இங்கேதான் இடம் வருகிறது. பாகம் பிரிந்து மக்கள் தனித்தனி அடுப்பு மூட்டியபின், பெற்றோரை, பெரும்பாலும் கணவனை இழந்த ஆச்சியை, இந்த மாதம் மூத்தவன் வீடு, அடுத்த மாதம் இளையவன் வீடு என்று முறை வைத்துப் பராமரிப்பது நம் ஊர்களில் அனைவரும் அறிந்த வழக்கம். 'யார் முறை' என்று கேட்டால் வேறு விளக்கம் வேண்டியதில்லை. இதே வழக்கம் சீனாவிலும் தைவானிலும் உண்டு. மக்கள்மார் சமமாகப் பாகம் பிரிக்கும் இடங்களில்தான் முறைச்சோறு தழைக்கிறது, ஒரே வாரிசு முழுவதையும் பெறும் இடங்களில் நிறுத்திவைக்கும் உடன்படிக்கை தழைக்கிறது. நிலம் எப்படிக் கைமாறுகிறதோ அப்படியே முதியவரின் சோறும் அமைகிறது என்னும் இந்தத் தொடர்பை வரலாற்று மாணவர்கள் நம் இரு சொற்களிலிருந்தே கண்டுகொள்ள முடிந்தால், சொல்லாக்கத்தின் பயன் அதுவே. 'முறையூண்' என்று இலக்கிய நடையில் அமைக்கலாம் என்பாரும் உண்டு. ஆச்சிமார் வாயில் வழங்கும் சோறு இருக்கும்போது ஊணைத் தேடிப் போக எனக்கு மனமில்லை.

முறைச்சோறும் மூப்புப்படியும் சேர்ந்தும் நம் வீடுகள் அனைத்தையும் விளக்கிவிடா. காயல்பட்டினத்தில் மணமான பெண்ணுக்கு வீடு கொடுத்து மருமகனை அந்த வீட்டுக்கு வரவழைக்கும் வழக்கம் உண்டு. அங்கே முதிய தாய் மகளின் அடுப்போடு இருப்பதே இயல்பு. கூலிக் குடும்பங்களிலோ பிரிக்க நிலமே இல்லை; மகன் மணமானதும் பக்கத்தில் ஒரு குடிசை போடுவான், பெற்றோர் கை ஓயும்வரை தனி உலை வைப்பார்கள். கூட்டுக்குடும்பம் என்ற ஒரே சொல்லால் பழைய கிராமம் முழுவதையும் போர்த்திவிடும் பழக்கத்தை நம் தொகுப்பாவது கைவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒரு வாரிசு மட்டும் மணமாகிப் பெற்றோருடன் தங்கும் அமைப்புக்கு, பிரெஞ்சுச் சமூகவியலாளர் லெ பிளே தம் மொழியில் இட்ட பெயருக்கு நிகராக, 'கிளைக்குடும்பம்', 'வாழையடிக் குடும்பம்' என இரண்டு முன்மொழிவுகள் வந்துள்ளன. கொண்டையங்கோட்டை மறவரிடையே கிளை என்பது தாய்வழிக் குலப்பிரிவின் பெயராகையால் முதலாவது நம் சீமையில் குழப்பம் தரும். வாழையில் ஒரு பக்கக்கன்றை மட்டும் விட்டு மற்றவற்றை அறுத்துவிடுவது பொருத்தமாகத் தோன்றினாலும், குலை தள்ளிய தாய்மரத்தை வெட்டிய பிறகே அந்தக் கன்று மறுதாம்பாக, அதாவது அடுத்த விளைச்சலுக்கான பயிராக, நிற்கிறது. நாம் குறிப்பதோ தாயும் கன்றும் ஒரே கூரைக்குள் இருக்கும் காலத்தை. 'தண்டுக்குடும்பம்' போதும். ஆனால் அது ஒரு குடும்ப வகை மட்டுமன்று, ஒரு பருவமும் ஆகும் என்ற குறிப்பு அவசியம். ஆஸ்திரியாவின் ஹைடன்ரைக்ஸ்டைன் பண்ணைப் பகுதியின் 1763ஆம் ஆண்டுக் குடிப்பட்டியலை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் பெர்க்னர், குடும்பத் தலைவர் இளைஞராக உள்ள வீடுகளில் பெற்றோர் பெருமளவில் உடனிருந்ததையும், தலைவரின் வயது ஏற ஏற அத்தகைய வீடுகள் குறைந்ததையும் 1972இல் காட்டினார். பெற்றோர் இறந்ததும் அதே வீடு பட்டியலில் தனிக்குடும்பமாகத் தெரியும். அடுத்த தலைமுறை ஒப்படைத்ததும் மீண்டும் தண்டுக்குடும்பமாகும்.

பதிவுக்கான என் வரைவு: மூப்புப்படி (பெயர்ச்சொல்): நிலம் அல்லது வீட்டைப் பிறருக்கு உரிமை மாற்றும் முதியவர், தம் வாழ்நாள்வரை தமக்கென எழுத்தில் வரையறுத்து நிறுத்திக்கொள்ளும் உணவு, பொருள், இருப்பிடம் ஆகியவற்றின் தொகுதி. பராமரிக்கும் நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, நிபந்தனை தவறினால் செல்லாததாக்க இடம்தரும் 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவை விளக்கும் கட்டுரைகளிலும் இச்சொல் பயன்படும்.

கோவில்பட்டி, சங்கரன்கோவில் கரிசல் பக்கத்து நண்பர்கள், பெரியவர்களுக்கென ஒதுக்கிய அறைக்கோ புஞ்சைக்கோ தம் ஊரில் வழங்கும் பெயர் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன். அப்படி ஒரு சொல் கிடைத்தால், மூப்பறை, மூப்புக்காணி இரண்டையும் விட்டுக்கொடுத்து அதையே ஏற்க எனக்கு முழு சம்மதம்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து