டாஃபிங்: கவச நீக்கமா, காப்புடை களைதலா?

அன்பின் குழுவினருக்கு, வணக்கம். தொற்றுநோயாளியைக் கவனிப்பவர் பாதுகாப்பு உடுப்பைப் போடுவதை ஆங்கிலத்தில் டானிங் என்றும் அதைக் கழற்றுவதை டாஃபிங் என்றும் சொல்கிறார்கள். இவற்றுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் நீங்கள் எழுதியவற்றுக்கு என் பதில் இது.

> டானிங் = கவசம் அணிதல், டாஃபிங் = கவச நீக்கம் என்று முடித்துவிடலாமே. எல்லாருக்கும் புரிகிறது.

புரிகிறது, சரி. என்னவாகப் புரிகிறது என்பதுதான் என் கவலை. ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்குத் தொற்றுநோய்ப் பயிற்சி கொடுப்பவன் நான். ஒரு பயிற்சியில் "கவசத்தைக் கழற்றுங்கள்" என்று சொன்னதுதான் தாமதம், ஓர் இளைஞர் நேராக முகத்துக்குக் கையைக் கொண்டுபோய் என்-95 முகக்கவசத்தை இழுத்துவிட்டார். கையுறை இன்னும் கையிலேயே இருந்தது. அவர்மேல் தப்பே இல்லை. 2020-க்குப் பிறகு கவசம் என்றால் முகக்கவசம் என்றுதான் காதில் விழுகிறது. முறைப்படி அதைக் கடைசியில், நோயாளி இருக்கும் இடத்தைவிட்டு வெளியே வந்தபிறகுதான் எடுக்கவேண்டும். நாம் வைக்கிற சொல்லே ஒருவரை முதலில் செய்யக்கூடாத வேலைக்கு அனுப்புகிறது என்றால், அது எத்தனை அழகாக இருந்தாலும் வேண்டாம்.

அதனால் மொத்த உடுப்புக்கும் 'காப்புடை' என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. கையுறை, மேலங்கி, கண்ணாடி, முகக்கவசம் எல்லாம் அதில் அடக்கம். எந்த ஒன்றையும் தனியாகச் சுட்டாது.

அடுத்தது வினைச்சொல். 'நீக்கம்' என்றதும் எனக்குப் பணிநீக்கம்தான் நினைவுக்கு வருகிறது. கை செய்கிற வேலை எதுவும் அதில் தெரியவில்லை. 'அகற்றல்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அணிதல், அகற்றல் இரண்டும் 'அ'-வில் தொடங்குகின்றன. முகக்கவசமும் தலைமூடியும் போட்டுக்கொண்டு பேசினால் மெய்யொலிகள் மழுங்கிப்போகும். எதிரெதிர் வேலைகளுக்கு ஒரே ஓசையில் தொடங்கும் சொற்கள் ஆகாது. அணிதல், களைதல் என்றால் அந்தக் குழப்பம் வராது. ஆடை களைதல் என்பது நம் காதுக்குப் பழகியதுதான். களைத்தல், அதாவது சோர்தல், வேறு வினை, 'த்' இருக்கிறதே.

டாஃபிங்குக்கு ஏன் இத்தனை மெனக்கெடல் என்று கேட்டிருந்தீர்கள். போடும்போது உடுப்பு சுத்தம், மனம் விழிப்பு. கழற்றும்போது உடுப்பின் வெளிப்பக்கம் முழுக்கக் கிருமி இருக்கலாம். ஆளோ வியர்த்து, மூக்கு அரித்து, எப்போது விடுதலை என்று நிற்பார். 2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒளிரும் களிம்பு பட்ட கையுறைகளையும் மேலங்கிகளையும் மருத்துவப் பணியாளர்கள் 435 முறை கழற்றினார்கள். அதில் 200 முறை, அதாவது 46 சதவீதம், களிம்பு தோலிலோ உள்ளே போட்டிருந்த துணியிலோ ஒட்டியிருந்தது. நானும் பயிற்சியில் அந்தக் களிம்பைப் பயன்படுத்துகிறேன். விளக்கை அணைத்துவிட்டுப் புறஊதா விளக்கைப் பிடித்தால், மணிக்கட்டில் வளையல் மாதிரி ஒரு கோடு ஒளிரும். கையுறையின் விளிம்புக்குள் விரலை விட்ட இடம் அது. சிலருக்குக் காதுமடலில்கூட ஒரு புள்ளி. அதைப் பார்த்தபின் யாரும் அவசரப்படுவதில்லை.

இந்த இடத்தில் இன்னொரு சொல்லையும் சேர்க்க விரும்புகிறேன்: உரித்தல். கையுறையைச் சரியாக எடுக்கும் விதம் அதுதான். ஒரு கையால் மற்றக் கையுறையின் வெளிப்பக்கத்தை மணிக்கட்டருகே பிடித்து, உள்பக்கம் வெளியே வருமாறு இழுத்து, உள்ளங்கையில் சுருட்டிக்கொள்கிறோம். பிறகு வெறும் விரலை அடுத்த கையுறைக்குள் விட்டு, அதையும் அப்படியே புரட்டி எடுக்கிறோம். முதல் கையுறை இரண்டாவதற்குள் போய்விடும். மேலங்கியும் அப்படித்தான். 'கழற்று' என்றால் விரல்நுனியைப் பிடித்து இழுக்கிறார்கள். 'உரி' என்றால் கை தானாகப் புரட்டுகிறது. ஆகவே முழு நடைமுறைக்குப் பெயர் களைதல். அதற்குள் உரிப்பதும் உண்டு, கழற்றுவதும் உண்டு.

> டிரெய்ன்டு அப்சர்வர் = பார்வையாளர்?

வேண்டாம். இவர் காப்புடை அணிவதையும் களைவதையும் பக்கத்தில் நின்று சரிபார்க்கப் பயிற்சி பெற்றவர். பார்வையாளர் என்றால் வேடிக்கை பார்க்க வந்தவர், இல்லையென்றால் நோயாளியைப் பார்க்க வந்தவர். கண்காணிப்பாளர் அலுவலகப் பதவி. 2014-இல் டல்லாஸில் எபோலா நோயாளியைக் கவனித்த 2 செவிலியருக்குத் தொற்றியபின், அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் அந்த அக்டோபரில் வழிகாட்டலைத் திருத்தியது. எபோலா நோயாளியைக் கவனிப்பவர் காப்புடை அணியும்போதும் களையும்போதும் பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு படியையும் பார்க்கவேண்டும் என்றது. படிகளை உரக்கப் படித்துச் சொல்வது அவர் வேலை. தொட்டு உதவுவது அல்ல. 'காப்புடைத் துணைவர்' என்று வைக்கலாமா? 'துணை' என்பது கைகொடுக்கச் சொல்வதுபோல் இருக்கிறதோ என்று எனக்கே ஒரு தயக்கம் உண்டு. இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அவர் படிக்கும் அட்டையை இப்போதைக்கு இப்படி எழுதியிருக்கிறேன். 'உரி' என்பதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முகமூடிக்குள்ளிருந்து கத்தும்போது 'உரிக்கவும்' நீளம்.

கையுறையை உரி. கை தேய். மேலங்கியை உரி. கை தேய். கண்ணாடியைக் கழற்று. கை தேய். வெளியே வா. முகக்கவசத்தைக் கழற்று. கை தேய்.

'கை தேய்' மட்டும் உறுத்துகிறது. கிருமிநாசினி போட்டுத் தேய்ப்பது என்று பயிற்சி எடுத்தவருக்குத் தெரியும். புதியவர் வெறுங்கையைத் தேய்த்துக்கொள்வார். 'கை கழுவு' என்றால் தண்ணீரைத் தேடி ஓடுவார். இரண்டு அசைக்குள் வேறு ஏதாவது அகப்படுமா?

அன்புடன்.