4கே 4:2:2 ஃபுட்டேஜ் திக்கித் திக்கி ஓடுது, ஆர்டிஎக்ஸ் 4070 வாங்குனா சரியாகுமா?

கல்யாண_எடிட்டர்: வணக்கம் நண்பர்களே, சோனி ஏ7 4-ல எடுத்த கல்யாண வீடியோ எடிட் பண்றேன், 4கே 10 பிட் 4:2:2 (4:2:0-வ விட நிறத் தகவல் அதிகமா பதியிற முறை). சிஸ்டம் ரைசன் 5600எக்ஸ் சிபியு, ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, 32 ஜிபி ரேம், எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் ஸ்டுடியோ. கலர் எதுவும் போடாம வெறும் கிளிப்ப பிளே பண்ணாலே திக்குது, அதே கேமராவுல 4:2:0-ல எடுத்தது மட்டும் வெண்ணெய் மாதிரி ஓடுது. 4070 வாங்கிடவா, இல்ல இன்டெல் பக்கம் போகணுமா? ஆல்பம் டெலிவரி தேதி நெருங்கிடுச்சு.

பழைய_டைம்லைன்: தம்பி 4070-க்கு காசு போடாதீங்க. கார்டோட வேகம் இங்க மேட்டரே இல்ல, வீடியோவ விரிக்கிறதுக்கு கார்டுக்குள்ள தனியா ஒரு டிகோடர் இருக்கு, 30 சீரிஸ் 40 சீரிஸ் ரெண்டுலயும் அது 4:2:2-வ எடுக்காது, மொத்த சுமையும் சிபியு தலைல விழுது. டாஸ்க் மேனேஜர்ல ஜிபியு பக்கம் வீடியோ டிகோட்னு ஒரு கிராஃப் இருக்கும், பிளே பண்ணிட்டே பாருங்க, 4:2:0-க்கு ஏறும், 4:2:2-க்கு அடியிலயே கிடக்கும். 2025-ல வந்த 50 சீரிஸ்லதான் இத சேர்த்தாங்க.

குறைஞ்ச_பட்ஜெட்: இன்டெல்ல 11ம் தலைமுறைல இருந்து குயிக் சிங்க் (சிபியுக்குள்ளயே இருக்குற வீடியோ டிகோடர்) 4:2:2 எடுக்கும், இன்டெல்லோட ஆர்க் ஏ380 கார்டு வாங்கி 3060 கூடவே ரெண்டாவது ஸ்லாட்ல போட்டாலும் போதும். ஆனா ஒண்ணு, இது எச்.265-க்கு மட்டும்தான், எச்.264 4:2:2-வ ஆர்க் தொடாது. மீடியாஇன்ஃபோ சாப்ட்வேர்ல கிளிப்ப போட்டு ஃபார்மேட் ஏவிசியா (அதாவது எச்.264) இல்ல எச்இவிசியா (எச்.265)ன்னு பாத்துட்டு சொல்லுங்க.

கல்யாண_எடிட்டர்: பாத்தேன் அண்ணா, ஏவிசி, ஹை 4:2:2-ன்னு காட்டுது. கிராஃபும் நீங்க சொன்ன மாதிரியேதான், அசையவே இல்ல. கேமராவுல ரெக்கார்டிங் ஃபார்மேட் எக்ஸ்ஏவிசி எஸ்-ல இருக்கு, எச்.265-ல பதியிற எக்ஸ்ஏவிசி எச்எஸ்-க்கு மாத்திட்டு ஆர்க் போட்டா போதுமா?

பழைய_டைம்லைன்: 50பி (நொடிக்கு 50 ஃப்ரேம்) மட்டும் எடுக்குறீங்கன்னா போதும். ஆனா பால் (PAL) மோட்ல, அதாவது 25/50 ஃப்ரேம் செட்டிங்ல, எச்எஸ்-ல 4கே 25பி கிடையாது, ஏ7 4-ல 4கே 50பி போட்டா ஃப்ரேம் கிராப் ஆகி காட்சி குறுகிடும், சின்ன மண்டபத்துல மேடைய முழுசா எடுக்க பின்னாடி போக இடம் இருக்காது. ஃபுல் ஃப்ரேம் 25பி வேணும்னா எஸ்-தான், எஸ்-னா எச்.264. அதனால உங்களுக்கு ஆர்க்கவிட 5060 சரி, எச்.264, எச்.265 ரெண்டு கோடெக்கையும் எடுக்கும், டாவின்சி 20 போட்டு டிகோட் ஆப்ஷன்ஸ்ல என்விடியா டிக் ஆகியிருக்கான்னு பாத்துக்கோங்க. இப்ப கைல இருக்குற கல்யாணத்துக்கு கார்டு வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க, ராத்திரி டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி-ங்கிற ஃபார்மேட்ல பாதி ரெசல்யூஷன் பிராக்ஸி (எடிட் பண்ண மட்டும் லேசான நகல்) ஓட விட்டுட்டு தூங்குங்க, காலைல கட்டிங் ஆரம்பிச்சிடலாம்.

கல்யாண_எடிட்டர்: ரொம்ப நன்றி அண்ணா, மேடை ஷாட் எல்லாமே 25பிதான் எடுக்குறேன், அப்போ 5060. பிராக்ஸி இப்பவே போட்டு விடுறேன்.